ஹூவர் 150 வேக்குவம் கிளீனரின் மீட்டெடுப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய வேக்குவம் கிளீனர் ஒன்றுக்கு மிகப் பெரிய ஆபத்து, அது கண்டெடுக்கப்பட்ட நாளில்தான் வருகிறது. அறுபது, எழுபது ஆண்டுகள் ஒரு மூலையில் கிடந்து தப்பிப் பிழைத்த மோட்டார், ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று யாரோ பிளக்கைச் செருகிய சில நொடிகளில் எரிந்துபோகிறது. அதே காலம் முழுவதும் தன் மேற்பரப்பைக் காத்துக்கொண்ட பேக்கலைட் (பழைய வகைப் பிளாஸ்டிக்) மூடி, ஒரு மாலை நேரப் பாலிஷில் தன் தோலை இழந்துவிடுகிறது. இந்த ஆய்வில் விவரிக்கப்படும் இயந்திரத்துக்கு முதலாவது ஆபத்து ஏற்கெனவே ஒருமுறை நேர்ந்திருந்தது, இரண்டாவதும் பாதி தொடங்கியிருந்தது. அதை இயங்கும் நிலைக்குக் கொண்டுவந்த முறையையும், எங்கெல்லாம் கை வைக்காமல் விட்டேன் என்பதையும், அந்த முடிவுகளுக்கான காரணங்களையும் இங்கே பதிவு செய்கிறேன். செய்த வேலைகளைவிடச் செய்யாமல் விட்டவற்றையே இந்த மீட்டெடுப்பின் முக்கியமான பகுதியாகக் கருதுகிறேன்.

இயந்திரம்

ஹூவர் 150, அமெரிக்காவில் 1936-இல் அறிமுகமானது. அதன் வடிவமைப்பாளர் ஹென்றி டிரேஃபஸ். அடுத்த ஆண்டு வெளிவந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 302 தொலைபேசியும், 1953-இல் வந்த ஹனிவெல் நிறுவனத்தின் வட்டத் தெர்மோஸ்டாட்டும் அவருடைய பெயரோடு சேர்ந்தவை. அதற்கு முந்தைய நின்றநிலைக் கிளீனர்களில் மோட்டாரின் உறை, திருகுகள், காற்றுத்துளைகள் எல்லாம் வெளியே தெரியும்படி இருக்கும். அவை தொழிற்சாலை இயந்திரம் ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டதைப் போன்ற தோற்றம் கொண்டவை. டிரேஃபஸ் அவை அனைத்தையும் வழுவழுப்பான ஒரே மூடியின் கீழ் கொண்டுவந்தார். அந்த மூடி பேக்கலைட்டால் ஆனது. அதைத் தாங்கும் அடிப்பாகம் மக்னீசியக் கலவையில் வார்க்கப்பட்டது. தூசியைக் காட்டும் முன்விளக்கு, இரு வேக மோட்டார், பையைக் காலி செய்ய வேண்டிய நேரத்தை அறிவிக்கும் குறிகாட்டி ஆகியனவும் அந்த மாடலின் விளம்பரங்களில் முன்னிறுத்தப்பட்டன.

மக்னீசியத்தைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணம் எளிது. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம், அலுமினியத்தினுடையது 2.70 கிராம். மூன்றில் ஒரு பங்கு எடை குறைகிறது. மிச்சிகனின் மிட்லண்டில் டௌ கெமிக்கல் நிறுவனம் 1916 முதலே நிலத்தடி உப்புநீரிலிருந்து மக்னீசியத்தைப் பிரித்தெடுத்துவந்ததால், முப்பதுகளில் அந்த உலோகம் வீட்டுச் சாதனத்துக்கு வரக்கூடிய அளவில் கிடைத்தது. இந்தத் தேர்வுதான் எண்பது ஆண்டுகளுக்குப் பின் சேகரிப்பாளருக்குப் பெரும் சிக்கலாக வந்து நிற்கிறது. இயந்திரங்களில் வழக்கமாகப் பயன்படும் கட்டமைப்பு உலோகங்களில் மிக எளிதாக அரிப்புக்கு உள்ளாவது மக்னீசியம். எஃகோ பித்தளையோ அதைத் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் சிறிது ஈரமும் சேர்ந்துவிட்டால், மக்னீசியம்தான் தன்னைக் கரைத்துக்கொள்ளும். ஆகவே 150 வரிசையில் முழுமையான, அரிப்பில்லாத அடிப்பாகத்தோடு கிடைப்பவை குறைவு.

இயங்கும் முறையைப் பொறுத்தவரை, டிரேஃபஸின் மூடிக்குக் கீழே இருப்பது பழைய மரபுதான். ஓஹையோ மாநிலத்தின் கான்டன் நகரில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர், ஒரு மின்விசிறியையும் சுழலும் பிரஷையும் ஒரு துணிப்பையையும் சேர்த்து உருவாக்கிய கருவிக்கு 1908-இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் அந்த உரிமை வில்லியம் ஹூவரின் நிறுவனத்துக்குச் சென்றது. 1926-இல் வந்த 700 மாடலில், சுழலும் உருளையில் பிரஷோடு கம்பளத்தை அதிரவைக்கும் உலோகப் பட்டைகளும் சேர்ந்தன. 150-இலும் இதே ஏற்பாடுதான். செங்குத்தாக நிற்கும் மோட்டாரின் தண்டில் விசிறி. அதற்குக் கீழே அதே தண்டின் நுனியில் பெல்ட் ஏறும் கப்பி. அந்த பெல்ட் கால் திருப்பம் திரும்பிக் கிடைமட்டமான உருளையைச் சுழற்றுகிறது. உறிஞ்சப்படும் தூசி முழுவதும் விசிறியின் ஊடாகச் சென்ற பிறகுதான் பையை அடைகிறது. அதாவது, இந்த இயந்திரம் தன் வாழ்நாளில் தூக்கிய ஒவ்வொரு மணல் துகளும் விசிறியின் இறகைத் தொட்டுச் சென்றிருக்கிறது. கீழ் பேரிங்கின் நிலையையும் விசிறியின் சமநிலையையும் ஆராயும்போது இதை மறக்கக்கூடாது.

வந்தபோது இருந்த நிலை

வெளித்தோற்றத்தில் இயந்திரம் நன்றாகவே இருந்தது. அடிப்பாகம் முழுவதும் ஒரே சீரான சாம்பல் நிறத்தில் இருந்தது. அந்தச் சீர்மைதான் முதல் ஐயத்தை எழுப்பியது. உருப்பெருக்கியின் கீழ் பார்த்தபோது, அடிப்பாகத்தின் திருகுகளின் காடிகள் வண்ணத்தால் நிரம்பியிருந்தன. திருகின் தலைக்கும் வார்ப்புக்கும் இடையிலான கோட்டை வண்ணம் பாலம்போல் மூடியிருந்தது. பாகங்களைத் தனித்தனியே வண்ணமிட்டுப் பிறகு பூட்டிய தொழிற்சாலை வேலையில் இது நிகழாது. பெயர்ப்பலகையின் ஓரத்தில் ஒரு மயிரிழை அளவுக்கு வேறொரு சாம்பல் நிறம் தெரிந்தது. முழு இயந்திரத்தையும் கழற்றாமலேயே, காகித நாடாவால் சில இடங்களை மறைத்துவிட்டு, யாரோ மறுவண்ணம் தெளித்திருக்கிறார்கள் என்பது உறுதியாயிற்று. அக்கால அமெரிக்காவில் பயன்படுத்திய கிளீனர்களை வாங்கி, வண்ணமடித்து, புது பையும் புது மின்கயிறும் மாட்டி ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று விற்பது பரவலான தொழில். ஹூவர் நிறுவனமே தன் பழைய இயந்திரங்களைத் தொழிற்சாலையில் புதுப்பித்து விற்றதுண்டு. வெளியார் செய்ததும் ஏராளம். இது எந்த வகை என்பதை வண்ணத்தின் தரமே சொல்லிவிட்டது.

மறுவண்ணத்துக்குக் கீழே, முன்பக்கச் சக்கரத்தின் அச்சைச் சுற்றியும், மூடியைப் பிடிக்கும் இரண்டு எஃகுத் திருகுகளைச் சுற்றியும், சிறு கொப்புளங்கள் எழுந்திருந்தன. ஒரு மூங்கில் குச்சியால் கொப்புளத்தைத் தொட்டதும் அது உடைந்து, உள்ளிருந்து வெண்மையான தூள் உதிர்ந்தது. மக்னீசிய அரிப்பின் விளைபொருள் அது. வண்ணம் அரிப்பை மறைத்ததோடு, ஈரத்தையும் உள்ளே அடைத்துவைத்து அதை வளர்த்திருக்கிறது.

பேக்கலைட் மூடியின் இடப்பக்கம் பளபளத்தது, வலப்பக்கம் மங்கியிருந்தது. யாரோ உலோகப் பாலிஷால் தேய்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். பின்பக்கத் திருகுக்குழியிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய விரிசல் ஓடியது. அசல் பை கிழியாமல் இருந்தது. அச்சிட்ட குறியும் படிக்கும்படி இருந்தது. ரப்பர் பெல்ட் கப்பியின் மேல் உருகி ஒட்டி இறுகியிருந்தது. சுற்றிவரும் ரப்பர்த் தடுப்புப் பட்டை கல்லாகிவிட்டிருந்தது. மின்கயிற்றின் துணிப்பின்னல் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும், மெல்ல வளைத்தபோது உள்ளே ரப்பர் நொறுங்கும் ஓசை கேட்டது.

இயந்திரத்தைக் கொடுத்தவரிடமிருந்து ஒரு முக்கியமான தகவல் கிடைத்தது: சில ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பார்த்தபோது நீலத் தீப்பொறியும் எரிந்த வாடையும் வந்ததால் உடனே நிறுத்திவிட்டார்கள். அந்த நிறுத்தம்தான் மோட்டாரைக் காப்பாற்றியது.

பையைத் திறப்பதற்கு முன்

பழைய கிளீனரின் பைக்குள் இருக்கும் தூசியைப் பற்றிப் பல சேகரிப்பாளர்கள் போதிய கவலை கொள்வதில்லை. முப்பதுகளிலிருந்து பயன்பாட்டில் இருந்த ஓர் இயந்திரம், ஈய வண்ணம் உதிர்ந்த தூசியையும், 1945-க்குப் பின் வீடுகளில் தெளிக்கப்பட்ட டிடிடி பூச்சிக்கொல்லியையும் உறிஞ்சியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் டிடிடி தடை செய்யப்பட்டது 1972-இல்தான். எனவே பையை உதறக்கூடாது, திறந்தவெளியிலும் உதறக்கூடாது. நுண்துகள் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, மெல்லிய வலையொன்றைத் துணியின் மேல் விரித்து, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய நவீன கிளீனரை மிகக் குறைந்த இழுவிசையில் வைத்து, அந்த வலையின் மேலாகவே பையின் இருபுறத்தையும் சுத்தம் செய்தேன். உள்ளிருந்த தூசியின் ஒரு சிறு மாதிரியை மட்டும் மூடிய குப்பியில் வைத்திருக்கிறேன்.

பையைத் துவைக்கவில்லை. பருத்தித் துணி சுருங்கும். அச்சு மை பரவும். அந்த இரண்டையும் பிறகு சரிசெய்ய வழி கிடையாது. அசல் பை இப்போது அமிலமற்ற காகிதத்தின் நடுவே தட்டையாகக் கிடக்கிறது. இயக்கிக் காட்டும்போது மாட்டுவதற்கு அதே அளவில் தைத்த வேறொரு பை போதும்.

மோட்டார்: தீப்பொறியின் காரணம்

150-இல் இருப்பது யுனிவர்சல் மோட்டார். ஃபீல்ட் காயிலும் (அசையாமல் நிற்கும் கம்பிச்சுற்று) ஆர்மேச்சரும் (சுழலும் கம்பிச்சுற்று) தொடர்ச்சுற்றில் இணைந்திருப்பதால் அது மாறுமின்சாரத்திலும் நேர்மின்சாரத்திலும் ஓடும். சில நகரங்களில் இன்னும் நேர்மின்சாரம் வழங்கப்பட்ட அக்காலத்தில் இது பெரிய வசதி. அதே அமைப்புக்கு ஓர் ஆபத்தான குணமும் உண்டு: சுமை இல்லாவிட்டால் வேகத்துக்கு வரம்பு கிடையாது. விசிறியைக் கழற்றிவிட்டு முழு மின்னழுத்தத்தில் இப்படிப்பட்ட மோட்டாரைச் சோதிக்கிறவர், ஆர்மேச்சரின் கம்பிச் சுற்றுகள் பிய்ந்து வெளியேறுவதைப் பார்க்க நேரிடும். ஆகவே ஓடவைத்துப் பார்க்கும் சோதனைகள் அனைத்தையும் கடைசிக்குத் தள்ளினேன்.

முதலில் 500 வோல்ட் மெக்கரால் வைண்டிங்குக்கும் (கம்பிச்சுற்றுகள்) மோட்டார் சட்டத்துக்கும் இடையிலான காப்புத் தடையை அளந்தேன். வழக்கமாக எதிர்பார்க்கப்படும் குறைந்தபட்சமான 1 மெகாஓமை அது எட்டவில்லை. இந்த அளவைப் பார்த்ததும் ‘காயில் போய்விட்டது, மறுசுற்று வேண்டும்’ என்று முடிவு கட்டிவிடுவது வழக்கம். ஆனால் பருத்தி நாடாவாலும் வார்னிஷாலும் காப்பிடப்பட்ட பழைய வைண்டிங் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். ஈரம் போய்விட்டால் தடையும் ஏறும். கார்பன் தூளும் அதே தவறான அளவைக் காட்டும். ஆகவே மென்மயிர்த் தூரிகையாலும் உறிஞ்சியாலும் கார்பன் தூளை அகற்றிய பின், மோட்டாரைச் சிலிக்கா ஜெல்லோடு ஒரு மூடிய பெட்டியில் வைத்து, 50 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் மெல்லச் சூடேற்றினேன். அக்கால வைண்டிங்கில் அரக்கு சார்ந்த வார்னிஷ் இருக்கக்கூடும். அரக்கு 75 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கிவிடும் என்பதால் அவசரத்துக்கு வெப்பத்தைக் கூட்டுவதில் அர்த்தமில்லை. காப்புத் தடை நாளுக்கு நாள் உயர்ந்து, இறுதியில் 10 மெகாஓமைக் கடந்து நிலைபெற்றது. மறுசுற்று தேவைப்படவில்லை, அசல் வைண்டிங் அப்படியே இருக்கிறது.

அப்படியானால் தீப்பொறிக்குக் காரணம் வேறு. ஆர்மேச்சரைச் சோதிக்கும் கருவியான கிரவுலரில் வைத்துப் பார்த்ததில் ஆர்மேச்சரில் குறுக்குச்சுற்று எதுவும் தெரியவில்லை; ஆர்மேச்சரின் நுனியில் மின்சாரத்தை வாங்கும் செப்பு வளையமான கம்யூட்டேட்டரின் அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையிலான தடையும் சுற்றி வரச் சீராகவே இருந்தது. அந்தப் பட்டைகளைத் தொட்டு மின்சாரத்தைக் கொடுக்கும் கார்பன் பிரஷ்களை வெளியே எடுத்தபோதுதான் விடை கிடைத்தது. இரண்டும் அசல் அல்ல. வேறு ஏதோ மோட்டாருக்கான பெரிய பிரஷ்களை எமரி தாளில் தேய்த்துச் சிறிதாக்கியிருந்தார்கள். பக்கங்கள் இணையாக இல்லாததால் அவை தம் கூட்டுக்குள் ஆடின. பிரஷின் முகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், வளைவான தொடுபரப்பு ஒன்றுக்குப் பதிலாக, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வளைவுகள் தெரிந்தன. ஓடும்போது பிரஷ் இரண்டு நிலைகளுக்கு இடையே தாவிக்கொண்டிருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இத்தோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. கம்யூட்டேட்டரின் செப்புப் பட்டைகளுக்கு நடுவே மின்காப்பாக இருக்கும் மைக்கா, செம்பைவிட மெதுவாகத் தேயும். மைக்காவைச் செம்பின் மட்டத்திலேயே விட்டிருக்கும் மோட்டார்களில், மைக்காவையும் சேர்த்துத் தேய்க்கக்கூடிய கடினமான பிரஷ்களைத்தான் போட வேண்டும். இங்கே மென்மையான கிராஃபைட் பிரஷ் போட்டதால் செம்பு மட்டும் தேய்ந்து, மைக்கா மேலெழுந்து நின்றது. விரல்நகத்தைக் குறுக்கே ஓட்டினால் ஒவ்வொரு மைக்கா விளிம்பும் தட்டுப்பட்டது. பிரஷ் அதன் மேல் ஏறிக் குதிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பொறி. பொறியால் செம்பு கருகும். கருகிய செம்பு இன்னும் வேகமாகத் தேயும்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அசல் பொருளைத் தொடாமல் விடுவதே என் பொதுக்கொள்கை. மைக்காவைச் செம்பின் மட்டத்துக்குக் கீழே அறுத்துவிடுவது திரும்பப் பெறமுடியாத செயல். ஆயினும் மேலெழுந்த மைக்காவோடு மோட்டாரை ஓடவிட்டால் செம்பு அழியும். செம்பு போனால் கம்யூட்டேட்டரே போய்விடும். சரியான அளவிலும் கடினத்திலும் பிரஷ் கிடைத்திருந்தால் மைக்காவைத் தொட்டிருக்க மாட்டேன். கிடைக்கவில்லை. எனவே, கைப்பிடியில் கட்டிய மெல்லிய இரம்பத் துண்டால், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் மைக்காவை அறுத்து, பட்டைகளின் ஓரச் சுணைகளை நீக்கி, கம்யூட்டேட்டர் கல்லால் லேசாகத் தேய்த்தேன். லேத்தில் கடையவில்லை, கடைந்தால் செம்பில் பாதி போய்விடும். எமரி தாளையும் பயன்படுத்தவில்லை. அதன் துகள்கள் செம்பில் பதிந்து பிரஷைத் தின்பதோடு, மின்சாரத்தையும் கடத்தக்கூடியவை; சாதாரண உப்புத்தாளில் அந்தக் குறை இல்லை.

புதிய பிரஷ்களை, மைக்கா அறுத்த கம்யூட்டேட்டருக்கு ஏற்ற தரமுள்ள கார்பன் கட்டியிலிருந்து கூட்டின் அளவுக்கு இணையான பக்கங்களோடு வெட்டி, கம்யூட்டேட்டரின் மேல் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றி, தண்டைக் கையால் திருப்பி, வளைவை அமர்த்தினேன். பேரிங்குகளில் கிரீஸ் கெட்டியாகி மஞ்சள் அரக்குபோல் இருந்தது. கழுவிப் புது கிரீஸ் வைத்ததும் மேல் பேரிங் ஓசையின்றிச் சுழன்றது. கீழ் பேரிங்கில் மணல் புகுந்த தடம் இருந்ததால் அதே அளவுள்ள புதியதை மாற்றினேன். பழையது சீட்டு ஒட்டிய பையில் இயந்திரத்தோடு இருக்கிறது. விசிறியின் இறகுகளில் முன்விளிம்புகள் மணலால் மழுங்கியிருந்தாலும் வெடிப்பு எதுவும் இல்லை. கத்திமுனைத் தாங்கியில் வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் கீழே வந்து நிற்கவில்லை, சமநிலை சரிதான்.

மக்னீசியம்

மறுவண்ணத்தை அகற்றுவதா, விடுவதா என்பது இந்த மீட்டெடுப்பில் நான் நீண்ட நேரம் யோசித்த விஷயம். மறுவண்ணமும் அந்த இயந்திரத்தின் வரலாறுதான். யாரோ ஒருவர் அதை இன்னொரு குடும்பத்துக்கு விற்பதற்காகச் செய்த வேலை. ஆனால் கீழே அரிப்பு நடந்துகொண்டிருக்கும்போது மேலே உள்ள வண்ணத்தைக் காப்பது, நோயைப் போர்வையால் மூடுவதற்குச் சமம். சில இடங்களில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் சோதித்ததில், மறுவண்ணம் இளகியது; அதன் கீழிருந்த தொழிற்சாலைச் சூளைப்பூச்சு அசையவில்லை. இந்த வேறுபாடு வேலையைச் சாத்தியமாக்கியது. சிறு சிறு சதுரங்களாக மறுவண்ணத்தை இளக்கி, மூங்கில் சீவலால் தள்ளி, அடியில் அசல் பூச்சை வெளிக்கொணர்ந்தேன். அடிப்பாகத்தின் கீழே, கண்ணில் படாத ஒரு கையகலப் பரப்பில் மறுவண்ணத்தை அப்படியே சான்றாக விட்டிருக்கிறேன்.

அசல் பூச்சு முழுமையாக இல்லை. கைகள் பட்ட இடங்களிலும் விளிம்புகளிலும் தேய்ந்திருக்கிறது. அந்தத் தேய்மானத்தின் மேல் புது வண்ணம் வைக்கவில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். மக்னீசிய வார்ப்பை அலுமினியம் என்று எண்ணி, மின்சாரத் தேய்ப்புச் சக்கரத்தில் வைத்துக் கண்ணாடிபோல் மினுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். மக்னீசியத்தின் நுண்தூள் எளிதில் தீப்பற்றும். பற்றிய தீயில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் உருவாகித் தீ மேலும் சீறும். உலர்ந்த மணலோ உலோகத் தீக்கான தனி அணைப்பானோதான் உதவும். ஆபத்து ஒருபுறம் இருக்க, இந்த இயந்திரம் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது கண்ணாடிபோல் மின்னவும் இல்லை. தன் காலத்தில் இல்லாத பளபளப்பை ஒரு பொருளுக்குக் கொடுத்துவிட்டு அதை மீட்டெடுப்பு என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அரித்த குழிகளை மூங்கில் குச்சியாலும் நைலான் தூரிகையாலும் கையாலேயே சுத்தம் செய்து, வெண்தூளை முழுவதும் அகற்றி, நன்கு உலர்த்தினேன். அக்காலத்தில் மக்னீசியத்துக்குக் குரோமிக் அமிலக் கழுவல் கொடுப்பார்கள். அதன் ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால் அதைத் தவிர்த்தேன். திறந்த உலோகத்தின் மேல், அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் பயன்படுத்தும் பாரலாய்ட் பி-72 பிசினை அசிட்டோனில் கரைத்து மெல்லிய பூச்சாக இட்டு, அதன் மேல் நுண்படிக மெழுகு தடவினேன். இந்தப் பூச்சு தொழிற்சாலைப் பூச்சைப்போல் வலுவானதல்ல. ஆனால் எவர் வேண்டுமானாலும் அசிட்டோனால் அதை முழுவதும் நீக்கிவிட்டு வேறு முறையை முயலலாம்.

அரிப்பின் மூலகாரணமான திருகுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எளிதில் தோன்றும் தீர்வு துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளைப் போடுவது. மக்னீசியத்தில் அது உதவாது. திருகு துருப்பிடிக்காது, சுற்றியுள்ள வார்ப்பு தொடர்ந்து கரையும். அசல் திருகுகளையே சுத்தம் செய்து, தலைக்கு அடியில் 5052 வகை அலுமினிய வாஷர்களை வைத்து, மரைகளில் ஈரம் புகாமல் மெழுகுக் கிரீஸ் தடவிப் பூட்டினேன். மக்னீசியத்தோடு ஒத்துப்போகக்கூடிய உலோகங்களில் அந்த அலுமினியக் கலவை ஒன்று. ஈரம் புகுந்தாலும் அரிப்பு மிக மெதுவாகவே நடக்கும்.

பேக்கலைட் மூடி

பேக்கலைட் என்பது ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிசினோடு பெரும்பாலும் மரத்தூளைக் கலந்து அச்சில் அழுத்திச் செய்வது. அச்சில் இறுகும்போது மேற்பரப்பில் பிசின் மிகுந்த ஒரு மெல்லிய தோல் உருவாகிறது. அந்தத் தோல்தான் பளபளப்பு. வெயிலும் ஆண்டுகளும் அதை மங்கச் செய்யும். உலோகப் பாலிஷால் தேய்க்கும்போது துணியில் மஞ்சள்பழுப்புக் கறை படியும். அது பேக்கலைட்தான் என்று கண்டறிய உதவும் சோதனையாகவே சேகரிப்பாளர்கள் இதைச் செய்கிறார்கள். அந்தக் கறை மூடியின் தோல் என்பதை மறந்துவிடுகிறார்கள். தோல் போன பிறகு உள்ளிருக்கும் மரத்தூள் வெளிப்படுகிறது. அது ஈரத்தை உறிஞ்சுகிறது. அடுத்த மங்கல் முன்னதைவிட விரைவில் வருகிறது.

இந்த மூடியின் பாதியில் அந்தச் சேதம் ஏற்கெனவே நடந்துவிட்டது. மறுபாதியையும் அதற்கு ஒப்பாகத் தேய்த்திருந்தால் பார்ப்பதற்கு ஒரே சீராக இருந்திருக்கும். அதைச் செய்யவில்லை. மூடி முழுவதையும் மிகக் குறைந்த ஈரத்தில் மென்மையான சோப்பால் துடைத்து, உடனே உலர்த்தி, மெழுகு மட்டும் இட்டேன். மெழுகு இரு பக்கங்களுக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறைத்தது, நீக்கவில்லை. இடப்பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்கும் வலப்பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்கும் இன்னும் இரண்டு மூடிகள்தான் தெரிகின்றன. அது எனக்குச் சம்மதம்.

விரிசலுக்குக் காரணம், திருகுக்கு அடியில் ரப்பர் வாஷர் இறுகிப்போன பின்னும் யாரோ திருகை முன்பைப்போலவே முறுக்கியது. விரிசலின் இரு முகங்களிலும் முதலில் பாரலாய்ட் பூசி, அதன் மேல் கருநிறமேற்றிய எபாக்சியால் உட்புறத்தில் மட்டும் ஒட்டினேன். இடையிலுள்ள பாரலாய்ட் அடுக்கு இருப்பதால், தேவைப்பட்டால் எபாக்சியைப் பெயர்த்துவிடலாம். வெளிப்புறத்தில் விரிசலின் கோடு மெல்லிதாகத் தெரிகிறது.

மின்கயிறும் முதல் ஓட்டமும்

அசல் மின்கயிறு இரண்டு இழை கொண்டது. உலோக உடலுக்கு நிலத்தொடர்பு கிடையாது. அக்காலத்தில் அது வழக்கம். இன்று அதே நிலையில் எவர் கையிலும் கொடுக்க முடியாது. துணிப்பின்னல் கொண்ட மூவிழைக் கயிறு ஒன்றை மாட்டி, மூன்றாம் இழையை ஏற்கெனவே இருந்த ஒரு திருகின் வழியே மோட்டார் சட்டத்தோடு இணைத்தேன். புதிதாகத் துளை எதுவும் இடவில்லை. முன்விளக்குக்குச் செல்லும் வயர்களும் காப்பு உதிர்ந்திருந்ததால் மாற்றப்பட்டன. பழைய கயிறு, பிளக்கோடு சேர்த்துச் சுருட்டப்பட்டு, பையோடு இருக்கிறது.

முதல் ஓட்டத்தில் இயந்திரத்தின் தொடரில் ஒரு இழைபல்பை வைத்து, வேரியாக் மூலம் மின்னழுத்தத்தைச் சுழியத்திலிருந்து ஏற்றினேன். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு முழு ஒளியில் எரிந்து மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்திவிடும். பல்பு மங்கலாகச் சிவந்தது. தண்டு மெல்லச் சுழலத் தொடங்கியது. பிறகு பல்பை நீக்கிவிட்டு, விசிறி பூட்டிய நிலையிலேயே, படிப்படியாக ஏற்றிப் பெயர்ப்பலகையில் உள்ள 110 வோல்ட்டை அடைந்தபோது, பிரஷ்களின் அடியில் ஊசிமுனை அளவு நீலப்பொறி மட்டும் தெரிந்தது. அதுவும் பிரஷ்கள் முழுவதும் அமர்ந்த பின் குறைந்தது. மின்னோட்டம் பெயர்ப்பலகை வரம்புக்குள் நின்றது. இரண்டாம் வேகத்தில் மோட்டாரின் சுருதி தெளிவாக ஏறியது.

புது பெல்ட்டை மாட்டும்போது திருப்பத்தின் திசையைக் கவனிக்க வேண்டும். மறுபக்கம் திருப்பி மாட்டினாலும் பெல்ட் பொருந்திவிடும், உருளையும் சுழலும். ஆனால் எதிர்த்திசையில் சுழன்று, தூசியை உறிஞ்சுவாய்க்குக் கொடுப்பதற்குப் பதிலாக முன்னே எறியும். ‘இழுவிசை போதவில்லை’ என்று ஒதுக்கிவைக்கப்படும் பழைய ஹூவர்களில் சிலவற்றின் குறை இவ்வளவுதான். ஓட்டம் முடிந்ததும் பெல்ட்டைக் கப்பியிலிருந்து இறக்கிவிடுகிறேன். இழுத்த நிலையிலேயே விட்டால் பெல்ட் தன் நீட்சியை இழந்துவிடும், காலப்போக்கில் பழையதைப்போலவே கப்பியில் ஒட்டியும்விடும்.

இப்போதைய நிலை

இயந்திரம் இப்போது ஓடுகிறது. ஆண்டுக்குச் சில முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் மட்டும், பேரிங்கின் கிரீஸ் பரவுவதற்கும் மோட்டாரில் ஈரம் தங்காமல் இருப்பதற்கும் ஓட்டப்படும். தரையைச் சுத்தம் செய்ய அது பயன்படாது. மணல் மீண்டும் அந்த விசிறியைத் தொடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. ஈரப்பதம் 45 சதவீதத்துக்குள் வைக்கப்பட்ட, நேரடி வெயில் படாத அலமாரியில் அது நிற்கிறது. மக்னீசியக் குழிகளை உருப்பெருக்கியின் கீழ் குறிப்பிட்ட இடைவெளியில் படமெடுத்து முந்தைய படங்களோடு ஒப்பிட்டுவருகிறேன். இதுவரை வெண்தூள் மீண்டும் தோன்றவில்லை.

கல்லாகிப்போன ரப்பர்த் தடுப்புப் பட்டையை மென்மையாக்க முயலவில்லை. எந்தத் திரவத்தாலும் அது நிலையாகத் திரும்பாது. அதை அதன் இடத்திலேயே விட்டு, உலோகத்துக்கும் அதற்கும் இடையில் மெல்லிய பாலியெஸ்டர் தாளை மட்டும் செருகியிருக்கிறேன். பழைய ரப்பரிலிருந்து வெளிவரும் கந்தகச் சேர்மங்கள் உலோகத்தைக் கறைப்படுத்தக்கூடியவை.

பை நிரம்பியதைச் சொல்லும் குறிகாட்டி மட்டும் வேலை செய்யவில்லை. அதன் உள்ளே ஒரு சிறு பாகம் இல்லை. வெற்று இடத்தின் அளவை வைத்து ஒன்றை ஊகித்துச் செய்துவிட முடியும். ஆனால் அசல் பாகம் எப்படி இருந்தது என்பதைப் பார்க்காமல் செய்தால், நாளை இதைத் திறக்கிறவர் என் ஊகத்தை ஹூவரின் வடிவமைப்பு என்று எண்ணிவிடுவார். வேறொரு 150-இன் குறிகாட்டியைத் திறந்து அளவெடுக்கக் கிடைக்கும்வரை அந்த இடம் காலியாகவே இருக்கும். மூடியின் உட்புறத்தில் ஒட்டியுள்ள பதிவுச்சீட்டில், மாற்றிய பாகங்களின் பட்டியலுக்குக் கீழே, அதையும் குறித்திருக்கிறேன்.